இரும்புக் கையும் இறைவன் தந்த கையும்

ஆண்டுதோறும் மே மாதம் முதல் நாளன்று, தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளைத் திருச்சபை கொண்டாடுகிறது. அன்று காலைத் திருப்பலி முடிந்ததும், தச்சனின் உளியும் கொத்தனாரின் கரண்டியும், உழவனின் மண்வெட்டியும் தையற்காரரின் இயந்திரமும் கோவில் முற்றத்தில் வரிசையாக வைக்கப்பட்டுக் குருவானவரால் மந்திரிக்கப்படுவதை நம் பங்குகள் சிலவற்றில் நாம் கண்டிருக்கிறோம். அக்கருவிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கை இருக்கிறது. காய்ப்பேறிய அந்தக் கைதான் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியச் செய்கிறது; பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறது.

இத்திருநாளைத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் ஏற்படுத்தியது 1955-ஆம் ஆண்டில். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர், 1954 டிசம்பரில், அமெரிக்காவில் ஒருவர் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தார். ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைக்கும் வேலையை, மனிதக் கையின்றியே செய்து முடிக்கும் இயந்திரத்திற்கான விண்ணப்பம் அது. உழைக்கும் கையைத் திருச்சபை பீடத்தில் ஏற்றிப் போற்றிய காலமும், அக்கைக்கு மாற்றாக ஓர் இரும்புக் கை உருவான காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிட்டன. அந்த இரும்புக் கையின் கதையைத்தான் இம்மாதம் நாம் சிந்திக்கப் போகிறோம். அது வெறும் பொறியியல் கதையன்று. உழைப்பு மனிதனுக்காகவா, மனிதன் உழைப்புக்காகவா என்னும் பழைய கேள்வி புதிய உடையில் வந்த கதை.

பெயரில் ஒளிந்திருக்கும் கண்ணீர்

"ரோபோ" என்னும் சொல்லை இன்று நம் சிறுவர்களும் அறிவர். ஆயின் அச்சொல் தொழிற்கூடத்தில் பிறக்கவில்லை. நாடக மேடையில் பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளரான காரெல் சாப்பெக் 1920-இல் ஒரு நாடகத்தை வெளியிட்டார். மனிதருக்குப் பதிலாக வேலை செய்வதற்கென்றே ஓர் ஆலை செயற்கை மனிதர்களைச் செய்து விற்கிறது. முடிவில் அவர்கள் கிளர்ந்தெழுந்து மனித இனத்தையே அழிக்கிறார்கள் என்பது அந்நாடகத்தின் கதை. அச்செயற்கை மனிதர்களுக்கு என்ன பெயரிடுவது என்று அவர் தயங்கியபோது, ஓவியரான அவருடைய அண்ணன் "ரோபோட்" என்னும் சொல்லைச் சொன்னாராம். அந்த அண்ணனின் பெயர் யோசெப். நம் வழக்கில் கூறினால், சூசை!

செக் மொழியில் "ரோபோட்டா" என்றால், நிலப்பிரபுவின் நிலத்தில் குடியானவன் கூலியின்றிக் கட்டாயமாகச் செய்யவேண்டிய வேலை. நம் முன்னோர் "வெட்டி" என்றும், தென் திருவிதாங்கூரில் "ஊழியம்" என்றும் வருந்திச் சொன்னார்களே, அதே கொடுமைதான். ஆகவே ரோபோ என்னும் பெயரிலேயே அடிமைப்பட்ட மனிதனின் பெருமூச்சு கலந்திருக்கிறது. மனிதன் சுமந்த நுகத்தை இயந்திரத்தின் தோளுக்கு மாற்றிவிட வேண்டும் என்னும் ஏக்கமும், அவ்வாறு மாற்றும்போது நுகம் உண்மையில் நீங்குமா என்னும் அச்சமும் அச்சொல்லுக்குள் ஒருங்கே அடங்கியுள்ளன.

முதல் இரும்புக் கை

மேற்சொன்ன விண்ணப்பத்தைக் கொடுத்தவர் ஜார்ஜ் டெவோல். 1912-இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். ஆயினும் கைவேலையிலும் கண்டுபிடிப்பிலும் இளமை முதலே ஆர்வமுள்ளவர். ஆள் அருகில் வந்தால் தானாகவே திறந்துகொள்ளும் கதவுகளை இளவயதிலேயே செய்து பார்த்தவர்.

அவருடைய புதிய எண்ணத்தின் சிறப்பை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஆலைகளில் தாமாக இயங்கும் இயந்திரங்கள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் ஒவ்வோர் இயந்திரமும் ஒரே ஒரு வேலைக்கென்று செய்யப்பட்டது. புட்டிக்கு மூடியிடும் இயந்திரம் மூடி மட்டுமே இடும். வேறு வேலை வேண்டுமானால் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு வேறோர் இயந்திரம் வாங்க வேண்டும். மனிதக் கையோ அப்படியன்று. காலையில் பாரம் தூக்கும் கை, மாலையில் விளக்கேற்றும். இரவில் குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கும். அவ்வாறு பல வேலைகளைக் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு கையை இரும்பில் செய்ய முடியாதா என்று டெவோல் சிந்தித்தார். கையை மாற்ற வேண்டியதில்லை. அதன் நினைவில் பதிந்துள்ள கட்டளைகளை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவர் கண்ட வழி.

1956-இல் ஒரு விருந்தில் அவர் ஜோசப் எங்கெல்பெர்கர் என்னும் இளம் பொறியாளரைச் சந்தித்தார். ரோபோக்களைப் பற்றிய ஐசக் அசிமோவின் கற்பனைக் கதைகளை விரும்பிப் படித்திருந்த எங்கெல்பெர்கருக்கு டெவோலின் திட்டம் உடனே மனத்தில் பதிந்தது. இருவரும் சேர்ந்து முயன்றதன் பயனாக "யூனிமேஷன்" என்னும் நிறுவனம் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரில் உருவாயிற்று. அவர்கள் செய்த இயந்திரத்திற்கு "யூனிமேட்" என்று பெயர்.

1961-ஆம் ஆண்டு, நியூ ஜெர்சி மாநிலத்தில் டிரென்டன் நகரை அடுத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆலையில் யூனிமேட் வேலைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் டெவோலின் காப்புரிமையும் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 2 டன் எடையுள்ள அந்த இயந்திரத்திற்குத் தலையும் இல்லை, முகமும் இல்லை. ஒரு பெரிய பெட்டியும் அதிலிருந்து நீளும் ஒற்றைக் கையுமே அதன் உருவம். எண்ணெயின் அழுத்தத்தால் அக்கை அசைந்தது. எந்த வரிசையில் எங்கெங்கே செல்ல வேண்டும் என்பது காந்தப் பூச்சுள்ள ஓர் உருளையில் பதிவு செய்யப்பட்டிருந்தது.

அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன? உருக்கிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்திச் செலுத்திக் காரின் உதிரிப் பாகங்களை வார்க்கும் இடம் அது. அச்சு திறந்ததும், கொதிக்கும் சூட்டிலுள்ள பாகத்தை வெளியே இழுத்துக் குளிர்விக்கும் திரவத்தில் அமிழ்த்த வேண்டும். அனலும் புகையும் நிறைந்த அவ்விடத்தில், கொஞ்சம் கவனம் தவறினாலும் விரல் போகும், கை வேகும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அதே இழுப்பு, அதே அமிழ்ப்பு. இந்த வேலையைத்தான் இரும்புக் கை ஏற்றுக்கொண்டது. வெந்துபோகும் அபாயத்திலிருந்து ஒரு தந்தையின் கை காப்பாற்றப்பட்டது என்றால், அதற்காக நாம் இறைவனுக்கு நன்றி கூறத்தான் வேண்டும். இரும்புக் கையின் முதற்பணி ஓர் இரக்கப் பணியே எனலாம்.

தயங்கிய நாடும் வரவேற்ற நாடும்

எனினும் இந்த இரும்புக் கைக்கு உடனே பெருமதிப்புக் கிடைத்துவிடவில்லை. 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜானி கார்சன் நடத்திய புகழ்பெற்ற இரவு நிகழ்ச்சியில் யூனிமேட் தோன்றியது. கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளியது, பீர் ஊற்றியது, இசைக்குழுவின் முன் கோலை அசைத்துக் காட்டியது. மக்கள் கைதட்டினர். ஆனால் ஆலை முதலாளிகள் பணப்பையைத் திறக்கத் தயங்கினர். யூனிமேஷன் நிறுவனம் முதன்முதலாக இலாபம் கண்டது 1975-இல்தான்.

ஜப்பானில் நிலைமை வேறாக இருந்தது. 1967-இல் எங்கெல்பெர்கர் அங்குச் சென்று உரையாற்றியபோது நூற்றுக்கணக்கான தொழிலதிபர்கள் கூடி வந்து கேட்டார்கள். மறு ஆண்டே கவாசாகி நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1969-இல் ஜப்பானில் செய்யப்பட்ட யூனிமேட் வெளிவந்தது. அன்று ஜப்பானில் தொழில்கள் வேகமாகப் பெருகின. வேலைக்கு ஆட்கள் போதவில்லை. மேலும், பெரிய நிறுவனங்களில் சேர்ந்தவரைப் பணிக்காலம் முடியும்வரை கைவிடுவதில்லை என்னும் வழக்கம் இருந்தது. ஆகவே, ஓரிடத்தில் இயந்திரம் வந்தால் அங்கிருந்தவர் வேறிடத்திற்கு மாற்றப்படுவாரேயன்றித் தெருவுக்கு அனுப்பப்படுவதில்லை என்ற நம்பிக்கை அந்நிறுவனங்களின் தொழிலாளருக்கு இருந்தது. அந்த நம்பிக்கை இருந்த இடத்தில் இரும்புக் கை பகைவனாகத் தோன்றவில்லை.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இயந்திரம் ஒன்றேதான். அதனை வரவேற்பதும் வெறுப்பதும் அதனருகில் நிற்கும் மனிதனின் சோற்றுக்கும் மதிப்புக்கும் உறுதி உண்டா என்பதைப் பொறுத்தே அமைந்தது.

முப்பத்தாறு விநாடிகள்

இவ்வுண்மையை இன்னும் கூர்மையாக உணர்த்தியது அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள லார்ட்ஸ்டவுன் என்னும் ஊர். அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, "வேகா" என்னும் சிறிய காரைச் செய்வதற்காகப் புதுப்பிக்கப்பட்டபோது, வண்டியின் உடற்பாகங்களைப் பற்றவைப்பதற்கு யூனிமேட்டுகள் வரிசையாக நிறுத்தப்பட்டன. நெருப்புப் பொறி பறக்க, கனமான கருவியைத் தூக்கிப் பிடித்துச் செய்யவேண்டிய அவ்வேலையை இரும்புக் கைகள் சலிப்பின்றிச் செய்தன. உலகமே வியந்து நோக்கிய ஆலை அது.

ஆனால் இரும்புக் கைகளின் வரவு மனிதக் கைகளுக்கு ஓய்வைத் தரவில்லை. மற்ற ஆலைகளில் மணிக்கு ஏறத்தாழ 60 கார்கள் நகர்ந்த வரிசை, இங்கு மணிக்கு ஏறத்தாழ 100 கார்களாக விரைந்தது. அதாவது, ஒரு தொழிலாளி தன் முன் வரும் காரில் தன் வேலையை முடிக்க அவனுக்குக் கிடைத்தது சுமார் 36 விநாடிகள். நாம் ஒரு பரலோக மந்திரத்தை நிதானமாகச் சொல்லி முடிக்கும் நேரம்தான் அது. அதற்குள் திருகாணியை முடுக்க வேண்டும். அடுத்த கார் வந்து நிற்கும். மீண்டும் அதே திருகாணி. எட்டு மணி நேரத்தில் இவ்வாறு 800 தடவை. 1971-இன் பிற்பகுதியில் நிர்வாகம் மாறியபின் ஆட்களும் குறைக்கப்பட்டார்கள். குறைக்கப்பட்டவர்களின் வேலை மீந்திருந்தவர்களின் தோளில் ஏறியது.

அங்கிருந்தவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். ஆயிரக்கணக்கான முறையீடுகள் எழுதிக் கொடுக்கப்பட்டும் பயன் காணாமல், 1972 மார்ச் மாதத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது மூன்று வாரங்கள் நீடித்தது. வழக்கமாகப் பார்த்தால் கூலி உயர்வுக்காகவே வேலைநிறுத்தம் நடைபெறும். இங்கோ கூலி பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. தாங்கள் மனிதர்களாக நடத்தப்பட வேண்டும், தங்கள் மூச்சின் வேகத்தை மதிக்க வேண்டும் என்பதே அவர்கள் உள்ளத்தில் குமுறிய குறையாகும். ஆட்குறைப்பினால் வெளியேற்றப்பட்டவர்களுள் பெரும்பாலோர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். வரிசையின் வேகமோ பெரிதும் மாறவில்லை.

இதில் அடங்கியுள்ள பாடத்தை நாம் கவனித்தல் வேண்டும். டிரென்டன் ஆலையில் இரும்புக் கை மனிதனின் பாரத்தைச் சுமந்தது. லார்ட்ஸ்டவுன் ஆலையிலோ, இரும்புக் கையின் வேகத்தை மனிதன் சுமக்க நேர்ந்தது. முன்னதில் இயந்திரம் மனிதனுக்கு ஏவலாளாக வந்தது. பின்னதில் மனிதனே இயந்திரமாகுமாறு கேட்கப்பட்டான். இவ்வேற்றுமையை உண்டாக்கியது இரும்பு அன்று. இரும்பை ஏவிய மனித உள்ளமே. இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம் யாருக்குச் சேரவேண்டும் என்று தீர்மானித்தவர்கள் மனிதர்கள்தாம்.

ஓர் இளைஞனின் மரணம்

இன்னொரு துயர நிகழ்ச்சியையும் நாம் சொல்லாமல் விடமுடியாது. 1979 ஜனவரி 25-ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்பாலை ஒன்றில், அடுக்குகளிலிருந்து பாகங்களை எடுத்துவரும் தானியங்கி இயந்திரம் சரியாக வேலை செய்யவில்லை. பாகங்களைக் கையால் எடுத்துவர 25 வயதுத் தொழிலாளி ஒருவர் மேலே ஏறினார். இயந்திரத்தின் கை அவர் பின்னாலிருந்து வந்து தாக்கியது. அந்த இடத்திலேயே அவர் உயிர் நீத்தார். அவருடைய உடலை உடன் பணியாளர்கள் கண்டெடுக்கும் வரை, ஏறக்குறைய அரைமணி நேரம், அந்த இயந்திரம் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லை என்று குடும்பத்தார் தொடுத்த வழக்கில், இயந்திரத்தைச் செய்த நிறுவனம் 1 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று 1983-இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது.

அந்த இயந்திரத்தின்மேல் நாம் கோபம் கொள்வதில் பொருளில்லை. அதற்குக் கண் இல்லை, காது இல்லை, மனச்சாட்சியும் இல்லை. அருகில் கிடப்பது பெட்டியா, ஒரு தாயின் மகனா என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் அதனை நிறுவியவர்களே. ரோபோ மனிதனுக்குத் தீங்கிழைக்கலாகாது என்னும் விதியை அசிமோவ் 1942-ஆம் ஆண்டிலேயே தம் கதையில் எழுதிவிட்டார். கதையில் அவ்விதி இயந்திரத்தின் உள்ளே எழுதப்பட்டிருந்தது. உண்மை உலகில் அது மனிதரின் உள்ளத்தில் அன்றோ முதலில் எழுதப்படவேண்டும்!

திருச்சபையின் குரல்

1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் (லியோ), தொழிலாளரின் நிலைகுறித்து "ரேரும் நோவாரும்" என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அதன் 90-ஆம் ஆண்டு நிறைவில் திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் (யோவான் பவுல்) உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் வரைந்தார். 1981 மே மாதத்தில் வெளிவர வேண்டிய அம்மடல், அவர் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்ததால், செப்டம்பர் 14-ஆம் நாள் வெளிவந்தது. ஏட்டறிவால் மட்டும் அவர் அதனை எழுதவில்லை. நாஸி ஆட்சியின்போது கிராக்கோவில் கற்சுரங்கத்திலும் இரசாயன ஆலையிலும் வேலை செய்த கை அவருடைய கை.

தொழில்நுட்பம் மனிதனுக்கு உற்ற துணை என்பதை அவர் மறுக்கவில்லை. அது வேலையை எளிதாக்குகிறது, நிறைவாக்குகிறது என்று ஏற்றுக்கொள்கிறார். ஆயினும், வேலையில் மனிதன் காணும் நிறைவையும் பொறுப்புணர்வையும் அது பறிக்கும்போதும், பலரை வேலையற்றவராக்கும்போதும், இயந்திரத்தைப் போற்றும் ஆர்வத்தில் மனிதனை அதன் அடிமையாக்கும்போதும், துணையாக வந்ததே எதிரியைப் போல் மாறிவிடும் என்று எச்சரிக்கிறார். வேலையின் மதிப்பு, அதனால் விளையும் பொருளைக் கொண்டு அளக்கப்படுவதன்று. அதனைச் செய்பவன் கடவுளின் சாயலான மனிதன் என்பதே அதன் மதிப்பு. இதுவே அவர் போதனையின் சாரம். ஓய்வுநாளைக் குறித்து நம் ஆண்டவர் பரிசேயருக்கு உணர்த்திய அதே நியாயத்தை, வேலை நாட்களுக்கும் பொருத்திக் காட்டினார் எனலாம்.

2025 மே மாதத்தில் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 14-ஆம் லியோ என்னும் பெயரை ஏற்றபோது இதே தொடர்ச்சியை நினைவூட்டினார். முதல் தொழிற்புரட்சியின் காலத்தில் 13-ஆம் லியோ குரல் கொடுத்தது போல, செயற்கை அறிவு கொண்டுவரும் இன்னொரு தொழிற்புரட்சியின் காலத்திலும் மனித மாண்பையும் நீதியையும் உழைப்பையும் காக்கத் திருச்சபை பேசவேண்டும் என்றார் அவர். அன்று இயந்திரம் கையின் வேலையைக் கேட்டது. இன்று மூளையின் வேலையையும் கேட்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை.

நம் இல்லங்களில்

இவையெல்லாம் தொலைதூர நாட்டுக் கதைகள் என்று நாம் இருந்துவிட இயலாது. இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளிலுள்ள கார் ஆலைகளிலும் இத்தகைய இரும்புக் கைகள் வேலை செய்கின்றன. அவற்றின் அருகில் நிற்பவர்கள் நம் பிள்ளைகள். ஆகவே பெற்றோர் தங்கள் மகனிடமும் மகளிடமும் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. "வேலை எப்படி இருக்கிறது? பாதுகாப்பு உண்டா? மூச்சுவிட நேரம் தருகிறார்களா?" என்றும் கேட்டறிய வேண்டும். நம்முள் ஆட்களை வைத்து வேலை வாங்குவோரும் இருக்கிறோம். புதிய இயந்திரம் ஒன்றை வாங்கும்போது, இதனால் மிச்சமாகும் நேரத்தில் என் தொழிலாளிக்கும் பங்கு உண்டா, இதனால் வேலை இழப்பவருக்கு நான் என்ன வழி செய்திருக்கிறேன் என்று கடவுள் முன்னிலையில் தம்மையே வினவுதல் அவர் கடமை.

இன்னும் ஒன்று. லார்ட்ஸ்டவுனின் 36 விநாடி நம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடக் கூடும். மதிப்பெண்ணால் மட்டுமே பிள்ளையை அளக்கும் வீட்டில், சம்பாத்தியத்தால் மட்டுமே தந்தையை மதிக்கும் வீட்டில், உழைக்க முடியாமற் போன பாட்டியைப் பாரமென்று எண்ணும் வீட்டில், மனிதன் ஏற்கெனவே இயந்திரமாக்கப்பட்டுவிட்டான். அதற்கு ரோபோ வரவேண்டியதில்லை.

எங்கெல்பெர்கர் தம் பிற்கால முயற்சிகளை மருத்துவமனைகளின் பக்கம் திருப்பினார். 1988-இல் டான்பரி நகர மருத்துவமனையில், நோயாளருக்கான உணவுத் தட்டுகளையும் மருந்துகளையும் சுமந்து நடைபாதைகளில் தானே ஊர்ந்து செல்லும் ரோபோ ஒன்றை அவர் பணியில் அமர்த்தினார். நல்ல காரியமே. தட்டைச் சுமக்கும் அலைச்சல் குறைந்தால், செவிலியருக்கு நோயாளியின் அருகில் இருக்க நேரம் கிடைக்கும். அவ்வாறு கிடைத்த நேரத்தில் அவர் நோயாளியின் கையைப் பற்றி ஆறுதல் சொன்னால், இயந்திரம் தன் நோக்கத்தை அடைந்துவிட்டது. அந்த நேரத்தில் வேறு பத்து நோயாளிகளை அவர் தலையில் கட்டினால், நாம் மீண்டும் லார்ட்ஸ்டவுனுக்கே திரும்பிவிட்டோம்.

நாசரேத்துப் பட்டறையில் சூசையப்பரின் கையருகே சிறுவர் இயேசுவின் கையும் மரத்தை இழைத்தது. உலகைப் படைத்தவர் உழைப்பாளியின் கையை எடுத்துக்கொண்டதனால், எல்லா உழைப்பாளரின் கையும் புனிதமாயிற்று. இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும், வேலை முடித்து வந்திருக்கும் தந்தையின் கையையோ, அடுப்படியில் காய்த்துப்போன தாயின் கையையோ பிள்ளைகள் ஒருமுறை பற்றிப் பார்க்கட்டும். எந்த இரும்பும் அக்கையின் இடத்தை எடுத்துக்கொள்ளாது என்பதை அப்போது அவர்கள் உணர்வார்கள்.